பொருந்தாத மகசின்

பதினோராவது பேப்பர்க் கப்பில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த குகதாசனின் சட்டைக் கையை அண்ணி பரமேஸ்வரி பிடித்து இழுத்தாள். தேநீர் மேசையில் கொட்டியது. கொள்ளி வைக்கப் போகிறவன் தேநீர் ஊற்றிக்கொண்டு திரியக் கூடாது என்று காலையிலிருந்து நாலைந்து பேர் சொல்லிவிட்டார்கள். ஊற்றுவதற்கு அவர்களில் ஒருவரும் எழும்பவில்லை.

"தம்பி, ஒருக்கா இஞ்சாலை வாங்கோ."

பிரான்சில், லா சப்பல் பகுதியில் மூன்றாம் மாடி, இரண்டு அறை வீடு. தனியாக நின்று பேச அந்த வீட்டில் மிச்சம் இருந்த ஒரே இடம் கழிவறைக்கு முன்னாலிருந்த ஒரு முழ நடைதான். அண்ணை குலசிங்கம் செத்து ஐந்து நாள். உடல் மலர்ச்சாலையில் இருந்தது. ஒன்றரை மணிக்குப் பார்வை, மூன்றரைக்குத் தகனம். பிள்ளைகள் இல்லாத மனிதருக்குக் கடைசித் தம்பிதான் எல்லாம் செய்ய வேண்டும்.

"அந்தச் சாமான் பெட்டகத்துக்குள்ளை இல்லை தம்பி."

"எந்தச் சாமான்?"

"அவரின்ரை துவக்கு."

அண்ணி ஒரே மூச்சில் சொன்னாள். ஞாயிறு காலை அண்ணை அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துக்கொண்டு எதையோ கொழுவிப் பார்த்தார். கொழுவுப்படவில்லை. இழுத்தார், அடித்தார், பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையோடு சரிந்தார். அம்புலன்ஸ்காரர் படியேறி வருகிற சத்தம் கேட்டதும் அவள் அதைக் கம்பளியில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டாள். பெட்டகத்தின் இலக்கம் அவளுக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அழுகிறதற்கே நேரம் காணாமல் போய்விட்டது.

"ரவை உள்ளை கிடக்கோ?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"எனக்கென்ன தெரியும்? சின்னச் சின்னனாய் எதையோ அதுக்குள்ளை அமத்தி அமத்திப் போட்டவர். இப்பத்தான் அவரின்ரை சிநேகிதன் எமிலுக்குப் போன் அடிச்சுச் சொன்னனான். ஒருத்தரும் தொடவேண்டாமாம். பன்னிரண்டு மணிக்கு வாறாராம்."

மணி பத்தே முக்கால். படுக்கையறைக் கட்டிலில் வந்தவர்களின் கோட்டுகள் மலையாகக் குவிந்திருந்தன. அந்தக் கோட்டுகளுக்குப் பக்கத்தில் திலகம் மாமி படுத்திருந்தாள். சீனி வியாதிக்காரி, தலை சுற்றுகிறது என்று சற்று முன்புதான் அங்கே கொண்டுபோய்ப் படுக்க வைத்திருந்தார்கள். அவளுக்கு நேர் கீழே அது கிடந்தது.

"பொலிசைக் கூப்பிடுவமோ அண்ணி?"

"இண்டைக்கோ? இவ்வளவு சனத்துக்கு நடுவிலையோ? அந்த மனிசனை நிம்மதியாய் அனுப்பவேண்டாமே?"

கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனால் ரவையை வெளியே எடுக்க மூன்று விநாடி வேலை. அது அவனுக்குத் தெரியும். தனக்குத் தெரியும் என்பதை இந்த வீட்டில் ஒருத்தரும் அறியக் கூடாது என்பதும் தெரியும்.

இரண்டாயிரத்து ஒன்பது மாசியில், ஊரில் கடைசிச் சண்டை நடந்தபோது, இயக்கக்காரர் பதுங்குகுழியிலிருந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அப்போது இருபத்தேழு வயது. ஒன்பது நாள் பயிற்சி, நாற்பத்தொரு நாள் காவலரண். ஓர் இரவு கடல்நீரேரிக்குள் இறங்கி நடந்து தப்பினான். அதில் அவன் வெட்கப்பட்டது ஓடியதற்கல்ல. அந்த வேலை அவனுக்கு நன்றாக வந்தது. துவக்கைக் கழற்றிப் பூட்டுவதில் அந்தத் தொகுதியிலேயே இவன் கைதான் வேகம் என்று பயிற்சி தந்தவர் மற்றவர்களுக்கு முன்னால் சொன்னார். அப்போது உள்ளுக்குள் ஒரு சந்தோசம் வந்ததே, அதைத்தான் அவனால் யாருக்கும் சொல்ல முடியவில்லை. பிரான்சுக்கு வந்து அகதி வழக்கில் துவக்கைத் தொட்டதில்லை என்று எழுதிக் கொடுத்தான். அண்ணைக்கும் அதையே சொன்னான்.

விசா காட் பறிபோனாலும் எங்கேயாவது ஓடலாம். மனைவி வசந்தரூபியிடம் சொன்ன பொய்யிலிருந்து ஓட இடமில்லை. அண்ணைதான் பொம்பிளை பார்த்துக் கட்டிவைத்தார். பெண் பார்க்கப் போன அன்று அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "நீங்கள் துவக்குத் தூக்கினனீங்களோ?" அவளுடைய தம்பி துஷ்யந்தனைப் பதினேழு வயதில், அதே மாசி மாதத்தில், தாயின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள். அதன் பிறகு ஒரு தகவலும் இல்லை. துவக்கு வைத்திருந்த கை எந்தப் பக்கத்துக் கையாக இருந்தாலும் தனக்கு வேண்டாம் என்றாள். இல்லை என்றான் குகதாசன். பக்கத்திலிருந்த அண்ணை, "இவன் குருவி அடிக்கிற கெற்றப்போல்கூடப் பிடிச்சதில்லை பிள்ளை" என்று சிரித்தார். ஆறு வருடம் அந்த 'இல்லை'யின் மேலேதான் குடித்தனம் நடந்தது.

சமையல் வேலை பார்த்த அண்ணைக்கு இந்தத் துவக்கு ஆசை ஐம்பது தாண்டித்தான் வந்தது. எமில் அவருடைய உணவகத்துக்கு இறைச்சி கொண்டுவந்து போட்ட மனிதர். குறிபார்த்துச் சுடுகிற கழகம் ஒன்றில் பழைய அங்கத்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்காகக் கூட்டிக்கொண்டு போனார். அண்ணை அங்கேயே ஒட்டிக்கொண்டார். இரண்டு வருடம் கழகத்துத் துவக்கால் சுட்டார். பிறகு பிரெபெக்சர் அலுவலகத்தில் அனுமதி எடுத்துச் சொந்தமாக ஒரு செமி-ஒட்டோமாத்திக் வாங்குவதென்று தொடங்கினார். சோறு அவிக்கிற குக்கர் வாங்கவே ஏழு கடை ஏறி இறங்கிய மனிதர். துவக்கைச் சும்மா விடுவாரா? ஏழு மாதம் ஞாயிறு தவறாமல் தொலைபேசியில் தம்பியின் காதைத் தின்றார்.

"முதல் துவக்கெண்டா சின்ன ரவைதானாம் தாசன். அம்பது மீட்டரிலை நிக்கிற கடதாசியைச் சுட யானைத் துவக்கு வாங்கிறவன் விசரனாம். எமில் சொல்லுறான்."

"ஓம் அண்ணை."

"தோளிலை வைச்சுப் பாத்துத்தான் எடுக்கோணுமாம். படத்தைப் பாத்து வாங்கிறேல்லை. ஊரெல்லாம் வைச்சிருக்கிற மொடலாய் எடுத்தாத்தான் நாளைக்கு ஒண்டு உடைஞ்சாலும் சாமான் கிடைக்குமாம்."

"ஓம்."

"இதைக் கேள். பேரை நம்பக் கூடாதாம். ஒரே பேரிலை பழைய சீரிஸ், புதுச் சீரிஸ் எண்டு இருக்குமாம். ரவை போடுற மகசின் ரெண்டும் இரட்டைப் பிள்ளையள் மாதிரி. ஆனா இதின்ரை அதுக்குள்ளை இராதாம். துவக்கிலை அடிச்ச நம்பரை எழுதிக்கொண்டுபோய்க் கடைக்காரனிட்டைக் காட்டித்தான் எதையும் வாங்கோணுமாம். இறுக்கமாயிருந்தா அடிச்சு ஏத்தப்படாது. கலியாணப் பொருத்தம் பாக்கிற மாதிரித்தான்ரா."

பின்னாலிருந்து அண்ணியின் குரல் வரும். "எங்கடை கலியாணத்துக்கு இவ்வளவு பாத்திருந்தா நான் தப்பியிருப்பன்."

துவக்கை எமில் சொன்னபடியே வாங்கினார். பிறகு எங்கோ ஒரு பழைய சாமான் சந்தையில் மகசின் மலிவாகக் கிடக்கக் கண்டதும் ஏழு மாதப் பாடமும் காற்றில் போய்விட்டது. மூன்று கிழமைக்கு முன் இதே வீட்டில் அதை இவன் உள்ளங்கையில் வைத்து, "அசல் அது மாதிரியே இருக்கு, என்னடா?" என்று கேட்டார். கைக்கு வந்ததுமே குகதாசனுக்குத் தெரிந்துவிட்டது. கொழுவி நிற்கிற வெட்டு ஒரு நூலளவு மேலே இருந்தது. இது ஏறும், ஆனால் இருக்காது. ரவையைப் பாதி வழியில் கடித்துக்கொண்டு நிற்கும். சொல் தொண்டை வரைக்கும் வந்தது. அடுப்படியில் ரூபி வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்கென்ன தெரியும் அண்ணை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

இப்போது அந்த ஒரு வசனம் ஐந்து நாளாக அவனைச் சாப்பிடவிடவில்லை. அண்ணையின் இதயம் எப்படியும் நின்றிருக்கும் என்று டொக்டர் சொன்னார். டொக்டருக்கு மகசினைப் பற்றித் தெரியாது.

படுக்கையறை வாசலில் போய் நின்றுகொண்டான். வருகிறவர்களிடம் கோட்டை வாங்கித் தானே உள்ளே வைத்தான். உதவிக்கு வந்த பெண்களை மறித்து, மாமி நித்திரை, சத்தம் போடவேண்டாம் என்றான். நல்ல தம்பி, அண்ணனுக்காக எப்படி ஓடித் திரிகிறான் என்று ஒரு கிழவர் மெச்சினார். அவனுக்கு முதுகு முழுக்க வியர்வை. பதினொன்றேகால். பதினொன்றரை. கட்டிலின் கால்களுக்கு இடையில் பச்சைக் கம்பளியின் ஒரு மூலை தெரிந்தது. மாமி கட்டிலில் புரளும்போதெல்லாம் அவன் பல்லைக் கடித்தான்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ஐயர் தொலைபேசி எடுத்தார். கீழே நிற்கிறாராம், வாசல் கதவின் இரகசிய இலக்கம் வேலை செய்யவில்லையாம், வந்து திறக்க வேண்டுமாம். இலக்கத்தைச் சொன்னான். ஐயர் திரும்பவும் பிழையாக அமத்தினார். ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னான். கிரியைச் சாமான் பையோடு மழைக்குள் நிற்கிறேன் என்று ஐயர் கோபித்துக்கொண்டார். வேறு யாரையாவது அனுப்பலாம் என்று பார்த்தால் எல்லோரும் அவனையே பார்த்தார்கள். மூன்று மாடியையும் பாய்ந்து இறங்கினான். ஐயரின் பையைப் பறித்துக்கொண்டு அவருக்கு முன்னே ஏறி வந்தான்.

படுக்கையறைக் கதவு திறந்திருந்தது.

மாமி குளிருகிறது என்று கூப்பிட்டிருக்கிறாள். ரூபி கம்பளி தேடியிருக்கிறாள். கம்பளி ஒரு கையில் தொங்க, நழுவி விழப்போனதைப் பிடித்த பிடியில் மற்றக் கையால் துவக்கை நெஞ்சோடு அணைத்தபடி அவள் விறைத்து நின்றாள். குழல் மாமியின் வயிற்றைப் பார்த்திருந்தது. ரூபியின் சுட்டுவிரல் விசைக் கூட்டுக்குள் இருந்தது. அது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. மகசின் அரைவாசி உள்ளே, அரைவாசி வெளியே கோணிக்கொண்டு நின்றது.

"இது என்ன... இஞ்சேருங்கோ, இது..." என்று அவள் அவன் பக்கம் திரும்பத் தொடங்கினாள்.

"அசையாதை!"

வீடு அடங்கிப்போனது. அந்தக் குரல் அவனிடம் இருப்பதே யாருக்கும் தெரியாது. கடையில் மிச்சக் காசு குறைந்தால்கூடக் கேட்கக் கூச்சப்படுகிறவன்.

"விரலை வெளியிலை எடு. மெல்ல. என்னைப் பாராதை, விரலைப் பார். எடு."

எடுத்தாள். அவன் இரண்டு எட்டில் போய்ச் சேர்ந்தான். இடது கை குழலைப் பிடித்து வெளிச்சுவர்ப் பக்கம் திருப்பியது. வலது கை பிடியை வாங்கியது. உள்ளங்கையின் அடியால் ஒரு தட்டு, மகசின் கழன்று கோட்டுகளின் மேல் விழுந்தது. துவக்கின் பூட்டைப் பின்னால் இழுத்தான். சிறிய பித்தளை ரவை ஒன்று துள்ளி வந்தது. அதைப் பார்க்காமலே ஒரு கையால் காற்றில் பிடித்தான். இன்னொரு தரம் இழுத்தான். திறந்தபடி பிடித்து, சின்ன விரலை உள்ளே விட்டுத் தடவி, வெறுமை என்று உறுதிப்படுத்தினான். சின்ன விரல்தான் அவனைக் காட்டிக்கொடுத்தது. பயத்தில் ஒருவன் எதையும் பிடுங்குவான், இழுப்பான். விரலை விட்டுத் தடவிப் பார்ப்பது பழகின கையின் வேலை.

நிமிர்ந்தபோது ரூபி அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பிள்ளை அது, தடியே?" என்றாள் மாமி.

"ஓம் மாமி. படுங்கோ" என்று ரூபி கம்பளியை விரித்து அவளைப் போர்த்துவிட்டாள். கால்மாட்டில் கம்பளியைச் செருகி, கோட்டுகளில் ஒன்று கீழே விழுந்து கிடந்ததை எடுத்து உதறி வைத்து, அவனைக் கடந்து வெளியே போனாள். போகும்போது தோள் படாமல் ஒதுங்கிப் போனாள். அவனுக்குப் பயம் அப்போதுதான் வந்தது.

எமில் சொன்ன நேரத்துக்கு வந்தார். கறுப்பு உடுப்பு, கையில் வெள்ளைப் பூக்கள், அழுது சிவந்த கண். பரமேஸ்வரியின் கையை வெகுநேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு படுக்கையறைக்குள் போய், கழற்றி வைத்திருந்ததைக் குனிந்து பார்த்தார். மகசினை எடுத்துத் திருப்பினார். இது பழைய சீரிசினுடையது, இதற்கு இராது, எத்தனை தரம் சொன்னேன் என்று பிரெஞ்சில் தனக்குத்தானே முணுமுணுத்தார். பெட்டகத்தின் இலக்கம் அவருக்குத் தெரிந்திருந்தது. துவக்கை உள்ளே வைத்துப் பூட்டினார். துவக்குக் கடைக்காரர் நாளைக்குக் கடிதத்தோடு வந்து எடுப்பார் என்றார்.

பிறகு குகதாசனைப் பார்த்துக் கேட்டார்: இதை வெறுமையாக்கியது யார்?

"இவர்தான்" என்றாள் பரமேஸ்வரி.

எமில் புருவத்தை உயர்த்தினார். மிகவும் சரியாகச் செய்திருக்கிறீர்கள் என்றார். எங்கே பழகினீர்கள்?

கேள்வி குகதாசனுக்கு விளங்கியது. ஆனால் பிரெஞ்சில் பதில் சொல்ல வேண்டிய இடமெல்லாம் அவனுக்காக ரூபிதான் பேசுவாள். பிரெபெக்சரில், வேலைத்தலத்தில், பல் டொக்டரிடம், எங்கும் அதுதான் வழக்கம். எமிலும் பழக்கத்தில் ரூபியைப் பார்த்தார். அவள் கதவோரம் நின்றாள். அவனிடம் அவள் கேட்கவில்லை. அவனைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"இவருடைய அண்ணைதான் காட்டிக் கொடுத்தவர்" என்று பிரெஞ்சில் சொன்னாள். "மூன்று கிழமைக்கு முன், இந்தக் குசினியில்."

எமில் தலையாட்டினார். நல்ல ஆசிரியராக இருந்திருப்பார் என்று சொல்லிக் கைக்குட்டையை எடுத்தார்.

மலர்ச்சாலையில் அண்ணை நீலக் கோட்டும் கழுத்துப்பட்டியுமாகக் கிடந்தார். வேட்டி கட்டி நின்ற குகதாசனுக்கு ஐயர் சொன்னது பாதி கேட்கவில்லை. வாய்க்கரிசி போடும்போது அவன் கை அண்ணையின் உதட்டில் பட்டது. பொருந்தாது அண்ணை, அடிச்சு ஏத்தாதையுங்கோ என்று அந்தக் காதில் சொல்ல வேண்டும்போல இருந்தது. சுற்றி இருபது பேர் நின்றார்கள். பின்னால் வரிசை வேறு நின்றது.

தகனசாலையில் உத்தியோகத்தர் ஒருவர் சுவரில் இருந்த பொத்தானைக் காட்டினார். கொள்ளிக்குப் பதில் அதுதான். ரூபி பெண்களின் வரிசையில் முன்னுக்கு நின்றாள். அவன் சுட்டுவிரலை நீட்டினான். அவள் அந்த விரலையே பார்க்கிறாள் என்று தெரிந்ததும் விரல் பாதியில் நின்றுவிட்டது. ஐயர் இரண்டு தரம் சொன்னார். மூன்றாம் தரம் அவர் குரல் உயர்ந்தபோது உள்ளங்கையால் அமத்தினான். பரமேஸ்வரியின் அழுகை கூரையில் மோதித் திரும்பியது.

ஆறு மணிக்கு யாரோ அவர்களை வட ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். அவர்கள் வீடு இருந்த கார்ஜ் பக்கம் போகிற ரயிலில் நெரிசல். சென் தெனியில் ஆட்கள் இறங்க, ஜன்னலோரம் எதிரெதிராக இரண்டு இருக்கை கிடைத்தது. அவள் இருந்தாள். அவனும் இருந்தான். செத்தவீட்டுக்குப் போய் வருகிறவர்கள் என்று அவன் வேட்டியைப் பார்த்து ஒரு கறுப்பினக் கிழவி மரியாதையாகத் தலையைக் குனிந்தாள்.

ஒரு நிலையம் போன பிறகு ரூபி பேசினாள்.

"எங்கை?"

"மாத்தளனுக்குக் கிட்ட."

"எத்தினை நாள்?"

"நாப்பத்தொரு நாள். பிடிச்சுக்கொண்டுதான் போனவங்கள், ரூபி. நானாப் போகேல்லை."

"அதை நான் கேக்கேல்லை."

கத்துவாள் என்று எதிர்பார்த்திருந்தான். கத்தினால் தாங்கியிருப்பான். மன்னிப்புக் கேட்க நாலு வசனம் மத்தியானத்திலிருந்து அடுக்கி வைத்திருந்தான். அவள் முன்னுக்குச் சரிந்து, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காத குரலில், ஆறு வருடத்தில் அவனிடம் கேட்டிருக்கக்கூடிய ஒன்றை இப்போது கேட்டாள்.

"துஷ்யந்தனைக் கண்டனீங்களோ?"

ஊருக்குப் போய் வருகிறவர்கள், முகாமிலிருந்து வந்தவர்கள், முகநூலில் முகம் தெரியாதவர்கள் என்று எத்தனையோ பேரிடம் அவள் கேட்ட கேள்வி. பக்கத்துத் தலையணையில் படுத்திருந்தவனிடம் மட்டும் கேட்க வழியில்லாமல் போயிருந்தது. அதை வழியில்லாமல் ஆக்கியவன் அவன். கண்ணை மூடித் தேடினான். காவலரணில் இருந்த பொடியன்களை ஒருவர் ஒருவராகப் பார்த்தான். மண்ணோடும் மூக்குச் சளியோடும் எத்தனையோ பதினேழு வயது முகங்கள். சாமித்தட்டுக்குப் பக்கத்தில் ரூபி மாட்டியிருக்கிற படத்திலுள்ள முகம் அவற்றில் இல்லை. உண்மையாகவே இல்லை.

"இல்லை."

சொன்னதும் அவனுக்கே கேட்டது. பெண் பார்க்கப் போன அன்று சொன்ன அதே குரல், அதே ஏற்ற இறக்கம்.

அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லையோ?"

"இல்லை ரூபி. சத்தியமா."

ரயில் வேகம் குறைந்தது. கார்ஜ் நிலையத்தின் விளக்குகள் ஜன்னலில் வந்தன. கதவுகள் திறந்தன. சந்தைப் பைகளோடும் பிள்ளை வண்டிகளோடும் ஆட்கள் இடித்துக்கொண்டு இறங்கினார்கள். எதிரிலிருந்த கிழவி கையூன்றி எழும்பி, இவர்களைப் பார்த்துவிட்டு, தானும் இறங்கிப் போனாள். இருவரும் எழும்பவில்லை. மணி அடித்தது. கதவுகள் மூடின. மேடையில் நின்றவர்கள் மெல்லப் பின்னால் போகத் தொடங்கினார்கள்.